கண்ணாடி மேல் போட்ட பழி

தூத்துக்குடியில் என் கேமரா முன்னால் உட்காராத குடும்பம் என்று ஒன்று இருந்தால், அது ஊருக்குக் குடிவந்து ஆறு மாசம் ஆகாத குடும்பமாகத்தான் இருக்கும். தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அதில் வெட்கம் கிடையாது. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் நான். அப்பா பனையேறி. பதினோரு வயசில் தோணி ஏறிக் கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு ஸ்டுடியோவில் தரை கூட்டினேன், தண்ணீர் சுமந்தேன், படம் விழுகிற பிளேட்டுக் கழுவினேன். எவனும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. முதலாளி வேலை செய்யும்போது அவர் கையைப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டேன். இப்போது நாலு பேர் வந்து, “அண்ணாச்சி, ஒங்கள மாதிரி யாருக்கு வரும்?” என்கிறார்கள் என்றால் அது சும்மா வந்ததல்ல.

ஆனால் அந்தக் கையைப் பார்த்துப் பிடித்ததிலேயே ஒரு வினை இருந்தது. அது பிடிபட எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, வேறு ஒரு வீடு கொடுத்தது.

அந்தக் காலத்துக் கேமராவைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மரப்பெட்டி, முன்னால் பித்தளைக் குழாயில் லென்ஸ், நடுவில் துருத்தி மாதிரி மடிப்பு, பின்னால் கறுப்புத் துணி. பிலிம் சுருள் எல்லாம் நம் பக்கம் அப்போது புழக்கத்தில் இல்லை. மருந்து பூசின கண்ணாடி பிளேட்டில்தான் படம் விழும். பொத்தானை அமுக்குகிற வேலையும் கிடையாது. லென்ஸ் மேல் தொப்பி மாதிரி ஒரு மூடி இருக்கும். அதைக் கையால் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூட வேண்டும். கொழும்பு முதலாளி ரெண்டு எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூடி. வருஷக்கணக்காக அதைப் பார்த்தேன். வெயில் நாள் மழை நாளுக்குக் கொஞ்சம் கூடும் குறையும், மற்றபடி ரெண்டுதான். என் ரத்தத்திலேயே அந்த ரெண்டு ஊறிப்போயிற்று.

உலகச் சண்டைக் காலத்தில் கொழும்பில் குண்டு விழுந்தது. முதலாளி கடையை இழுத்துச் சாத்தினார். போகிறபோது பழைய கேமரா ஒன்றை என் தலையில் கட்டினார். அதன் லென்ஸ் ஓரத்தில் அரிசிக் குறுணை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. “ஓரம்தானே, ஒண்ணும் செய்யாது” என்றார். அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கினேன். கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்து, கூரையில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டேன். வெளிச்சம் மேலிருந்து கொட்டும். அதற்குக் கீழே ஒரு நாற்காலி, பின்னால் மாளிகையும் பூந்தொட்டியும் வரைந்த சீலை. ஸ்டுடியோ தயார்.

யோகம் என்றால் யோகம். துறைமுகத்தில் அப்போது சிப்பாய்களும் கப்பல்காரர்களுமாகக் கிடந்தார்கள். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். ஊருக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று வாசலில் நிற்பார்கள். ஒரு சிப்பாய் தன் படத்தைப் பார்த்துவிட்டு என் கன்னத்தில் முத்தமே கொடுத்தான், எச்சில் பட. “மாஸ்டர்” என்று தோளைத் தட்டினான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை “ஏலே பனங்காட்டு மாடு” என்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. அந்த வாத்தியார் அன்றைக்கு உயிரோடு இருந்தால் தேடிப்போய்க் காட்டியிருப்பேன்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். நம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கோளாறு தொடங்கிற்று.

உப்பளத்துக் கங்காணி ஒருத்தர் முதல் ஆளாக வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, அங்கவஸ்திரம். எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“வேட்டி நல்லா விழுந்திருக்குவே” என்றார். “கரை கூடத் தெரியுது. உள்ள இருந்தவன் எங்கவே போனான்?”

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரிக்கட்டி இருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை. மீசை எங்கே முடிகிறது, வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எனக்குக் காது சுட்டது. கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினேன்.

“பாருங்க அண்ணாச்சி, கண்ணாடி ஓரத்துல சில்லு பேந்திருக்கு. இதுல இம்புட்டுதான் வரும்.”

அவர் அந்தச் சில்லை விரலால் தடவிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. “அட பாவமே, இத வச்சிக்கிட்டா இவ்வளவு காலம் ஓட்டுதீரு? கெட்டிக்காரன்தான்வே நீரு.”

வசவு விழும் என்று நின்றவனுக்குப் பாராட்டு விழுந்தது. அது இனித்தது. அதற்குப் பிறகு யார் முகம் கரியாக விழுந்தாலும் லென்ஸைக் கழற்றிக் காட்டினேன். ஊரே என் மேல் பரிதாபப்பட்டது. நல்ல கேமரா மட்டும் இருந்தால் அந்த மனுஷன் எங்கேயோ போயிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பினேன். இதுதான் முக்கியம். ஊரை ஏமாற்றினேன் என்று நினைக்காதீர்கள். நான் முழுசாக நம்பினேன். பிளேட்டில் பென்சிலால் மூக்கு வரைவேன், கண்ணுக்குப் புள்ளி வைப்பேன். பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஒரே மூக்குதான். இப்படியே மூன்று நாலு வருஷம் ஓடிற்று.

அதே சில்லு விழுந்த லென்ஸில் வெள்ளைக்காரன் முகம் எப்படிப் பளிச்சென்று விழுந்தது என்று நான் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் விடை வந்திருக்கும்.

துறைமுக வாசலில் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் கீழே இன்னொருத்தன் படம் எடுத்தான். எனக்கு அஞ்சாறு வயசு மூத்தவன், முன்னே சங்கு குளிக்கப் போனவன். ஆழத்தில் முங்கி முங்கிக் காதுச் சவ்வு கிழிந்து செவிடாகிவிட்டான். கடலுக்குப் போக முடியாமல் இந்தத் தொழிலுக்கு வந்திருந்தான். அவனுடைய கேமரா ஒரு தச்சன் அடித்துக் கொடுத்த பெட்டி. மூட்டு விட்டுப்போய்க் கயிற்றால் கட்டியிருந்தான். பெட்டிக்குள்ளேயே மருந்துக் கிண்ணம். பக்கத்தில் ஒரு சட்டைக் கை தைத்திருக்கும், அதற்குள் கையை விட்டு உள்ளேயே படத்தைக் கழுவி, அரை மணியில் எடுத்துக் கொடுத்துவிடுவான். சரக்கு ஏற்றுகிறவர்களும் தோணிக்காரர்களும் அவனிடம் போவார்கள். “பெட்டிக்குள்ள கையவிட்டுக் கோழிமுட்ட தேடுதான்” என்று நான்தான் முதலில் சொன்னேன். அந்தக் கேலி ஊரெல்லாம் பரவிற்று. அவனுக்குக் காது கேட்காது என்பது எனக்கு வசதி.

சுதந்திரம் வந்து ரெண்டு வருஷம் இருக்கும். கொழும்புக்குப் போவதென்றால் முன்னே மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது, போட்டோ ஒட்டின தாள் வேண்டும் என்று ஆகிவிட்டது. எனக்குக் கொழுத்த வேலை. தாளுக்குப் படம் எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் கடைக்காரர்கள், கொஞ்சம் நிறம் கூடினவர்கள், எப்படியோ ஒப்பேறிற்று. அப்போதுதான் அந்த அம்மாள் வந்தாள்.

கடற்கரைத் தெருக்காரி. நாற்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் இல்லை. நல்ல கறுப்பு, அதற்கு மேல் வெயிலும் உப்புக் காற்றும். வெள்ளைச் சேலையை மாதா கோயிலுக்குப் போகிற மாதிரி தலையில் முக்காடாகப் போட்டிருந்தாள். பேறுகாலம் பார்க்கிறவள். அந்தத் தெருப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. கொழும்பு கொச்சிக்கடையில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் நிறைசூலியாக இருக்கிறாள், தலைப்பிரசவம், “நீ வந்து பாத்தாத்தான் எனக்குத் தைரியம்” என்று காகிதம் போட்டிருந்தாள். இவள் அந்தக் காகிதத்தை என்னிடமே காட்டினாள், நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவளே மனப்பாடமாகச் சொல்லிவிட்டாள்.

“எத்தன நாளு இருக்கு எக்கா?”

“ரெண்டு மாசம் முழுசாக் கெடக்கு அண்ணாச்சி. தாளு கெடச்சா அடுத்த வாரமே தனுஷ்கோடிக்கு ரயிலேறிருவேன்.”

உட்கார வைத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூடி.

மறுநாள் படத்தைக் கொண்டுபோனவள் மத்தியானமே திரும்பி வந்தாள். தாள் கொடுக்கிற ஆபீஸில் இருந்த குமாஸ்தா படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தானாம். “இது பொம்பளையா, கதவு சந்துல விழுந்த நெழலா?” என்று கேட்டானாம். அதைச் சொல்லி அவளே சிரித்தாள். நான் லென்ஸைக் கழற்றிச் சில்லைக் காட்டினேன். “பாவம், நீரு என்ன செய்வீரு” என்றாள்.

ரெண்டாம் தடவைக்கு ஒரு யுக்தி செய்தேன். ஸ்டுடியோவில் பவுடர் டப்பா உண்டு. அதை அவள் முகத்தில் அப்பினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு ஒருத்தரும் பவுடரு போடலயே” என்றாள். படத்தில் முகம் வெளுப்பாக விழுந்தது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. கழுத்து கரி. ஆபீஸில் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது நீ இல்ல” என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்து படியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீரும். அந்தப் பூவரச மரத்தடில ஒருத்தரு எடுக்காரே, அங்கன போயி ஒண்ணு எடுத்துப் பாத்தா என்ன?”

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுத வேண்டும். மாற்றி எழுதினால் இதை எழுதவே வேண்டாம்.

“அது பெட்டிப் படம் எக்கா” என்றேன். “ரெண்டு மாசத்துல மஞ்சளாப் போயிரும். ஆபீஸ்ல பாத்த ஒடனே கிழிச்சுப்போடுவான். தப்பித்தவறி இங்க வாங்குனாலும், அங்கன கப்பல விட்டு எறங்குத எடத்துல ஒங்களத் திருப்பி அனுப்பிருவான். நான் மெட்ராசுக்கு எழுதியாச்சு. ஜெர்மன் லென்சு வருது. பத்து நாளு பொறுத்துக்கிடுங்க. இந்த ஊர்ல எவனும் எடுக்காத மாதிரி ஒங்களுக்கு மொதப் படம் நான் எடுத்துத் தாரேன்.”

பெட்டிப் படம் திருப்பி அனுப்பப்பட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு ஆள் பெயர்கூட என்னால் சொல்ல முடியாது. மெட்ராசுக்கு எழுதியதும் பொய். அன்றைக்குச் சாயங்காலம்தான் எழுதினேன். அந்தச் செவிடனிடம் என் வாடிக்கை போவதா என்ற ஒரே எரிச்சல்.

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? கொழும்பில் தொழில் பார்த்தவன், பலகை தொங்கவிட்டவன், வெள்ளைக்காரனுக்கே எடுத்தவன். கொழும்புக்குப் போகிற காரியத்தில் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பத்து நாள் என்பது இருபது ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நேரே ஸ்டுடியோ வாசலுக்கு வருவாள். “கண்ணாடி வந்துட்டா?” என்பாள். “நாளைக்கு வந்துரும்” என்பேன். நடுவில் அவள் மகளிடமிருந்து இன்னொரு காகிதம். கால் வீங்கியிருக்கிறதாம். “அங்கன இருக்க மருத்துவச்சிக்கு நடுக்கம் வந்துட்டாம். கை நடுங்குதவ எப்படிப் பிள்ளை எடுப்பா?” என்று தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு மாசமும் ஆறு நாளும் கழித்து பார்சல் வந்தது. மரச்சீவலுக்குள் புதைத்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றின லென்ஸ். அதைக் கையில் எடுத்தபோது எனக்குக் கண் கலங்கிற்று. ஒரு பொட்டுக் கீறல் கிடையாது. உடனே ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டேன்.

அதே நாற்காலி. அதே கண்ணாடி ஓட்டு வெளிச்சம். ஒண்ணு, ரெண்டு, மூடி.

அவளை வாசலிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போனேன். மருந்திலிருந்து பிளேட்டைத் தூக்கிச் சிவப்பு விளக்கில் பிடித்தேன். பிளேட்டில் எல்லாம் மாறித் தெரியும், வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெறுமையாக. முக்காடு போட்டிருந்த இடம் கெட்டிக் கறுப்பு. முகம் இருந்த இடம் வெறும் கண்ணாடி. அதில் ஒன்றுமே இல்லை. அதன் வழியாகப் பின்னால் என் பெருவிரல் ரேகை தெரிந்தது.

பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

“புதுக் கண்ணாடி எக்கா” என்றேன். “கொஞ்சம் பழகணும்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கித் துறைமுக வாசலைப் பார்த்து நடந்தாள். மரத்தடிக்கு நூறு, நூற்றைம்பது எட்டு வைத்தால் போதும். நான் பின்னாலேயே போய்க் சரக்குக் கிட்டங்கிச் சுவர் ஓரமாக நின்றுகொண்டேன்.

செவிடன் அவளை நிழலில் உட்கார வைத்தான். முகம் கடலைப் பார்த்து, திறந்த வானத்தைப் பார்த்து. பிறகு ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து அவள் காலடியில் மண்ணில் விரித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. மகாராணி வருகிறாள், நடைபாவாடை விரிக்கிறான் என்று நினைத்தேன். மூடியைக் கழற்றினான். நான் என் பழக்கத்தில் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு. அவன் மூடவில்லை. மூணு, நாலு. அவன் அவளைப் பார்த்துச் சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். அஞ்சு, ஆறு. மூடினான்.

அரை மணி கழித்து அவள் படத்தை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் நின்றதைப் பார்த்தாள். நின்று, படத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள், அவ்வளவுதான். கண் ரெண்டும் இருந்தது. மூக்கு இருந்தது, வரைந்த மூக்கு அல்ல, அவள் மூக்கு. இடது புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு. மூன்று தடவை என் எதிரே உட்கார்ந்தவள். அந்தத் தழும்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாலாம் நாள் அவளுக்குத் தாள் கிடைத்தது. கிளம்பிவிட்டாள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ மரத்தடிக்குப் போனேன். வெட்கத்தை விட்டுத்தான் போனேன்.

“வாரும் கொழும்பு மொதலாளி!” என்று அவன் கத்தினான். செவிடர்கள் கத்தித்தான் பேசுவார்கள். “கோழிமுட்ட பாக்க வந்தீரோ?”

அவனுக்கு அது எப்படியோ எட்டியிருந்தது. சுற்றி நின்ற சுமைகாரர்கள் சிரித்தார்கள்.

“எத்தன எண்ணுவீரு?” என்று கேட்டேன்.

“என்னது?”

“எத்தன எண்ணுவீருன்னு கேட்டேன்!”

“சத்தமாச் சொல்லும்வே!”

தெரு முழுக்கக் கேட்கும்படி நான் அதைத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. கொழும்பில் தொழில் படித்தவன், மாஸ்டர் என்று பெயர் வாங்கினவன், நடுத்தெருவில் நின்று எத்தனை எண்ணுவது என்று கத்தினேன்.

“எண்ணவெல்லாம் எனக்குத் தெரியாது” என்றான் அவன். “மூச்சுதான் கணக்கு. வெள்ளத்தோலுன்னா ஒரு மூச்சு. நம்ம ஆளுன்னா மூணு. உப்பளத்துல கெடக்கவன்னா நாலு. முங்கித் தரைக்குப் போன ஒடனே சங்கு தெரியுமாவே? இருட்டால்லா கெடக்கும். கொஞ்சம் நின்னாத்தான் கண்ணுக்குப் புடிபடும். போன வேகத்துல மேல வந்தா மண்ணுதான் கையில வரும்.”

“கீழ வேட்டி என்னத்துக்கு?”

“வெளிச்சம் மேல இருந்து மட்டும் விழுந்தா கண்ணுக்குழி இருட்டிப்போவும்லா. வெள்ள மணலு கெடக்க எடத்துல கீழ இருந்தும் வெளிச்சம் வரும். அதுக்குத்தான் வேட்டி. எல்லாம் கடல்ல பாத்ததுதான்.” அப்புறம் என் கேமரா இருக்கிற திசையைக் கையால் காட்டினான். “ஒம்ம கிட்ட நல்ல கண்ணாடி இருக்குன்னாங்களே, பின்ன என்னவே?”

நான் திரும்பி ஸ்டுடியோவைப் பார்த்து நடந்தேன்.

கொழும்பில் நான் பார்த்துப் படித்த ரெண்டு எண்ணிக்கை யாருக்கு எண்ணினது? தோட்டத்துத் துரைகளுக்கு. வெள்ளை முகம், கறுப்புக் கோட்டு. அந்த முகம் ரெண்டுக்கே விழுந்துவிடும். நம் ஆள் கறுப்பு முகம், வெள்ளை வேட்டி. ரெண்டுக்கு வேட்டிதான் விழும். என் முதலாளி தப்பாகச் செய்யவில்லை, அவர் தன் முன்னால் உட்கார்ந்தவனைப் பார்த்து எண்ணினார். நான் இங்கே என் முன்னால் உட்கார்ந்தவர்களைப் பார்க்காமலே எண்ணினேன், என் அப்பா நிறத்தில் இருந்த ஜனங்களை, என் நிறத்தில் இருந்தவர்களை.

ஸ்டுடியோவைப் பூட்டிக்கொண்டு பழைய லென்ஸை மாட்டினேன், சில்லு விழுந்ததையே. மேலே கண்ணாடி ஓட்டுக்குத் துணி கட்டினேன். கதவு இரண்டையும் திறந்து வைத்து, கீழே என் வேட்டியை விரித்து, எதிர்க் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற ஒருத்தரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஆறு எண்ணினேன். பிளேட்டைக் கழுவிப் பார்த்தேன். அந்த மனுஷனுடைய இமை மயிரை எண்ணலாம் போல இருந்தது.

தொழில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னை இந்த ஊரில் மிஞ்ச ஆள் கிடையாது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

மூன்று மாசம் கழித்து அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கூடவே மற்றதையும் கேள்விப்பட்டேன். மகளுக்கு நாளுக்கு முன்னாலேயே வலி கண்டிருக்கிறது. இவள் போய் இறங்கினது பேறு முடிந்து அஞ்சாம் நாள். பிள்ளை தலை திரும்பாமல் கால் முந்தி வந்திருக்கிறது. ஆண் பிள்ளை. தங்கவில்லை. மகள் பிழைத்தாள். கால் முந்தின பிள்ளைகளை இவள் இந்தத் தெருவில் எத்தனையோ எடுத்திருக்கிறாள், அவை இப்போது வளர்ந்து தோணியில் வேலைக்குப் போகின்றன.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அரிவாள்மனையைப் போட்டுச் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“எக்கா, கண்ணாடி காரணமில்ல. எனக்குத்தான் எடுக்கத் தெரியல. மரத்தடிப் படம் செல்லாதுன்னு சொன்னதும் பொய்.”

அவள் மீனை விடாமல் அரிந்தாள்.

“புதுக் கண்ணாடிலயும் கரியா வந்துச்சே, அப்பவே தெரியும்” என்றாள்.

“எல்லார்கிட்டயும் சொல்லிருதேன் எக்கா. ஒங்க மவளுக்கும் ஒரு காயிதம் எழுதச் சொல்லி...”

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“என்னத்த எழுதுவீரு? மவ கேட்டா, ஏம்மா இம்புட்டு நாளுன்னு. கேமராக் கண்ணாடி ஒடஞ்சுபோச்சு, புதுசு வர நாளாச்சுன்னேன். அதோட விட்டுட்டா. கண்ணாடிகிட்ட போயி யாரு சண்ட போட? இப்ப நீரு போயி, கண்ணாடி இல்ல, நான்தான்னு சொன்னா, அவ ஒம்மளயா கேப்பா? என்னயத்தான் கேப்பா. எடுக்கத் தெரியாத ஆளு வாசல்ல ஒன்றர மாசம் எதுக்கும்மா உக்காந்திருந்தன்னு கேப்பா. மரத்தடிக்கு எத்தன எட்டும்மான்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?”

கையில் ஒட்டின செதிலை அரிவாள்மனையில் வழித்துவிட்டாள்.

“கண்ணாடின்னே இருக்கட்டும். யாரு கேட்டாலும் நீரு அப்படியே சொல்லும். ஒமக்குத்தான் அது நல்லா வருமே.”

மீனுக்குத் திரும்பிவிட்டாள். நான் வந்துவிட்டேன்.

அவள் சொன்னபடியே சொன்னேன். பழைய லென்ஸ் கெட்டுப்போயிருந்தது, புதுசு மாட்டினேன், அன்றிலிருந்து படம் பளிச்சென்று விழுகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். என் கை தேறினதை ஒருத்தரிடமும் பெருமையடிக்க முடியவில்லை. வாழ்க்கையில் நான் பெருமையடிக்காமல் விட்ட ஒரே காரியம் அது. புது லென்ஸ் வாங்கினால் போதும் என்று நினைத்துத் தொழிலுக்கு வந்து வீணாய்ப்போனவர்கள் நாலைந்து பேர் உண்டு. என்னிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கும் அதையேதான் சொன்னேன். தாயும் மகளும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

அதற்கு அடுத்த வருஷம், பெரிய கோயில் திருவிழாவுக்கு அந்த மகள் கொழும்பிலிருந்து புருஷனோடு வந்தாள். தாய் மாதிரியே உயரம், தாய் மாதிரியே நிறம். ஜோடியாகப் படம் எடுக்க வேண்டும் என்று நேரே என் ஸ்டுடியோவுக்கே வந்து நின்றாள். யார் என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அம்மா சொன்னாங்க அண்ணாச்சி” என்றாள். “அப்போ ஒங்க கண்ணாடி ஒடஞ்சு போச்சாமே. பாவம், ஒங்களுக்கும் எவ்வளவு கஷ்டம். இப்பப் புதுசு போட்டாச்சா? நல்லா விழுமா?”

“நல்லா விழும் தாயி” என்றேன்.

ரெண்டு பேரையும் கதவுப் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தேன். கீழே வெள்ளைத் துணியை விரித்தேன். அவள் மடியில் கையை எப்படி வைப்பதென்று தெரியாமல் வெறுமனே விரித்து வைத்திருந்தாள். அப்படியே இருக்கட்டும் என்றேன். மூடியைக் கழற்றி ஆறு எண்ணினேன்.

நல்லாத்தான் விழுந்தது. ரெண்டு நாள் கழித்து அவள் புருஷன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.